பித்தளை இஞ்சினும் ஒரு பல் செட்டும்

என் வீட்டுக்காரர் ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தை பேசினால் அதிகம். நூலகரைக் கட்டிக்கொண்டதால்தான் மனுஷன் இப்படி ஆகிவிட்டார் என்று என் தங்கை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அது அபாண்டம். கல்யாணத்துக்கு முன்பே அவர் அப்படித்தான். முதன்முதலில் சந்தித்த அன்று ஒரு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "உங்க கடைவாய்ப் பல் எல்லாம் சொந்தமா?" சொந்தம்தான் என்றேன். திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் காபியைக் குடித்தார்.

பல் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஒரு லேப் இருக்கிறது. அங்கே பல் செட்டு செய்கிறவர் அவர். டாக்டர் வாயில் அளவெடுத்து அச்சை அனுப்புவார். இவர் மெழுகில் செதுக்கி, வார்த்து, அரத்தால் ராவி, பளபளப்பேற்றித் திருப்பி அனுப்புவார். அந்தப் பல் போய்ச் சேருகிற வாயை அவர் பார்ப்பதே இல்லை. கடைத்தெருவில் யாராவது எதிரே வந்து சிரித்தால், முகத்தைப் பார்க்காமல் வாயைப் பார்த்து, "மேல் செட்டு நம்ம கைவேலை" என்று என் காதில் சொல்வார். அந்த மனிதர் யார், பேர் என்ன, ஒன்றும் தெரியாது. என் வீட்டுக்காரரைத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அவர் பல்லுக்காரர். எனக்கே சில சமயம் அப்படித்தான் வாயில் வரும்.

அவர் வாய் திறந்து பேசுகிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்று. என் நூலகத்தின் பின்னறை. அங்கே ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில், சின்ன ரயில் வைத்து ஓட்டுகிறவர்களின் ‘மாதிரி ரயில் கழகம்’ கூடும். மொத்தம் ஐந்து பேர். தலைவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், செயலாளர் என் வீட்டுக்காரர். நீளமான பலகையில் தண்டவாளம் போட்டு, மலை, பாலம், ஸ்டேஷன் எல்லாம் வைத்து, ஆளுக்கொரு ரயிலை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். வாசிப்பறையில் என் மேசையில் உட்கார்ந்தபடியே அவர் குரலைக் கேட்பேன். சக்கரம், அச்சு, வளைவு என்று மழை மாதிரி கொட்டுவார். ஒரு தடவை ஒரு ஜோக்குகூடச் சொன்னார். நாலு பேர் சிரித்தார்கள். வீட்டில் நான் கேட்டபோது, "ஒண்ணுமில்ல" என்றார்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு இஞ்சின். ஜப்பானில் ஏதோ ஒரு சின்னப் பட்டறையில் பல வருஷங்களுக்கு முன் கையால் செய்தது. முழுக்கப் பித்தளை, ஒரு சாண் நீளம். உடம்பில் ஆணித்தலை ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்கலாம். நானூற்றுப் பதினொன்று இருக்கிறது. எண்ணியது நான் இல்லை. வெளியே பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஓடவிட்டால்தான் வினை. காபிக்கொட்டை அரைக்கிற மெஷினில் யாரோ தெரியாமல் கூழாங்கல்லைப் போட்ட மாதிரி ஒரு சத்தம். உள்ளே மோட்டார், மோட்டாரிலிருந்து திருகு மாதிரி புரி வெட்டிய ஒரு தண்டு, தண்டுக்குக் கீழே ஒரு பல்சக்கரம், அது சுற்றினால் வண்டிச் சக்கரம் சுற்றும், அவ்வளவுதான் சமாசாரம். அந்தத் தண்டும் பல்சக்கரமும் ஒன்றையொன்று கரித்துக் கொட்டிக்கொண்டே இருந்தன. மேலே கவிழ்த்திருக்கும் பித்தளை உடம்பு அதை இரண்டு மடங்காக்கி வெளியே அனுப்பியது. உடம்பைச் செய்தவரும் உள்ளே இயந்திரத்தை வைத்தவரும் ஒரே பட்டறையில் இருந்தும் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் என்று எனக்குத் தோன்றும்.

இப்போது என் பக்கத்தைச் சொல்ல வேண்டும். நூலகத்தில் நான் போட்ட விதி ஒன்று உண்டு. "வாசிப்பறையில் எவர் காதில் விழுந்தாலும் அது சத்தமே." அந்த விதியைக் காட்டித்தான் சதுரங்கக் கழகத்தை வெளியேற்றினேன். காய் நகர்த்தும்போது அவர்கள் சத்தமே போடுவதில்லை. நகர்த்தியபின் கடிகாரத்தின் தலையில் ஒரு போடு போடுவார்கள். இரண்டு எச்சரிக்கை கொடுத்தேன், மூன்றாவது தடவை பெட்டியைக் கட்டச் சொன்னேன். பின்னல் வேலை செய்யும் பெண்களும் அப்படியே போனார்கள். பின்னறைக் கதவைச் சாத்திவிட்டால் போச்சு என்று யாரும் நினைக்க வேண்டாம். தீ விபத்து விதிப்படி ஆள் இருக்கும்போது அந்தக் கதவைச் சாத்தக் கூடாது. அதுவும் நான் ஒட்டிய நோட்டீஸ்தான்.

புகார் கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஒரு கோர்ட் ஸ்டெனோ. காலை பத்து மணிக்கு வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தால் சாயந்திரம்தான் எழுந்திருப்பார். வாழ்நாள் முழுக்கப் பிறர் பேசுவதைக் குறித்துக்கொண்டவர். பேச ஆள் இல்லாவிட்டால் சத்தத்தையாவது குறித்துக்கொள்கிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை புகார்ப் புத்தகத்தில் முத்து முத்தாக எழுதி வைத்தார்: "பிற்பகல் 3.12 முதல் 3.19 வரை, கரகர. 3.24, கரகர. 3.25, கரகரவின் நடுவே ஒரு கீச். நடவடிக்கை கோருகிறேன்."

வேடிக்கை என்னவென்றால், அவரிடமிருந்தே ஒரு சத்தம் வரும். உதட்டை அசைத்துப் படிக்கிற பழக்கம் அவருக்கு. ஒவ்வொரு வரிக்கும் வாய்க்குள் பல் செட்டு டக், டக் என்று முட்டிக்கொள்ளும். அந்தச் செட்டு யார் செய்தது என்று கேட்க வேண்டுமா? அவர் கொட்டாவி விட்டபோது என் வீட்டுக்காரர் ஒரு தடவை பார்த்துச் சொல்லியிருக்கிறார். ஆக, என் வாசிப்பறையில் கேட்ட இரண்டு சத்தமும் என் புருஷன் உபயம். ஒன்றுக்குப் புகார் வந்துவிட்டது. மற்றதற்குப் புகார் எழுத வேண்டியவர் அதை வாயில் மாட்டிக்கொண்டிருந்தார்.

புகார் வந்தால் செயலாளருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். செயலாளர் வீடுதான் கழகத்தின் முகவரி. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் போட்டு டைப் அடித்து, என் வீட்டு முகவரி எழுதித் தபாலில் சேர்த்தேன். இரண்டு நாள் கழித்துத் தபால்காரர் அதை என்னிடமே கொடுத்தார். வாங்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார், மடித்தார், "சாப்பாடு ஆச்சா?" என்றார். மூன்றாம் நாள் நூலகத்துக்குப் பதில் வந்தது. "மதிப்பிற்குரிய நூலகர் அவர்களுக்கு, தங்கள் கடிதம் கண்டோம். குறையைச் சரிசெய்ய ஒரு மாத அவகாசம் வேண்டுகிறோம்." அவகாசம் கொடுத்து நானும் ஒரு கடிதம் போட்டேன். சதுரங்கக்காரர்கள் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வீட்டு மேசையில் வாயால் சொல்லி முடிக்க என்னால் முடியுமா?

அந்த வாரமே கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க நாலு பேரு வண்டியும் புதுசு, பிளாஸ்டிக்கு, சத்தமே வராது. உங்க இஞ்சினை மட்டும் கொஞ்ச நாளைக்கு வீட்ல வச்சுக்கிட்டீங்கன்னா, ரூம் நம்மகிட்டயே இருக்கும்."

"அப்போ நானும் வீட்லயே இருந்துக்கறேன்" என்றார் இவர்.

"ஐயோ, நான் அப்படிச் சொல்லலண்ணே..."

"தெரியும். நான்தான் சொல்றேன்."

அவ்வளவுதான் பேச்சு. கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய? நோட்டீஸ் அனுப்பினவளே நான்தான். அவர் போனபின் காபி டம்ளரைக் கழுவிக்கொண்டே யோசித்தேன். இஞ்சின் சத்தம் போட்டால் இவர் போவார். போனால் திரும்ப மாட்டார்; வீம்பு அப்படி. இந்த மனுஷனுக்குப் பேச இருந்த ஒரே அறையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் எதிரே உட்கார்ந்து காலம் முழுக்கச் சாப்பிட வேண்டியவள் நான். எனக்குப் பயமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

முதல் வாரம் கிரீஸ் வேலை. உள்ளே இருந்த பழைய கிரீஸ் காய்ந்து மெழுகாகிக் கிடந்தது. ஸ்பிரிட்டில் கழுவி, புது கிரீஸை ஊசி முனையால் தொட்டு வைத்தார். கரகர போய்க் கொரகொர ஆயிற்று. முன்னேற்றமா என்று கேட்டேன். ஊசியை எடுத்து இன்னொரு துளி வைத்தார்.

இரண்டாம் வாரம் பற்பசை. ரயில்காரர்கள் எல்லாரும் செய்கிற காரியமாம் இது. பல்சக்கரத்தில் பற்பசையைத் தடவி மணிக்கணக்கில் ஓடவிட்டால் ஒன்றையொன்று தேய்த்து வழவழப்பாக்கிக்கொள்ளுமாம். இஞ்சினைத் துண்டில் மல்லாக்கப் போட்டு, சக்கரம் அந்தரத்தில் சுற்றச் சுற்ற, சாப்பாட்டு மேசையில் இரண்டு மணி நேரம் ஓட்டினார். வீடு முழுக்கப் புதினா வாசம். மறுநாள் காலை பல் துலக்கப் போனால் பசை ஒரு துளி இல்லை. பல் செட்டு செய்கிறவர் வீட்டில் நான் உப்பைத் தொட்டுப் பல் தேய்த்தேன்.

சத்தம் ஒரு சுற்றுக் குறைந்தது. ஆனால் வாசிப்பறைக்குக் கேட்கும். மூன்றாம் வாரம்தான் அவர் தன் தொழிலையே இறக்கினார். பல் வைத்தபின் டாக்டர்கள் ஒரு நீலத்தாளைக் கடிக்கச் சொல்வார்களே, எங்கே பல் தூக்கலாக இருக்கிறதோ அங்கே நீலம் ஒட்டும், அந்தத் தாளை லேபிலிருந்து கொண்டுவந்தார். தண்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைத்துக் கையால் சுற்றுவார், நீலம் பட்ட இடத்தை ராவுவார், மறுபடி சுற்றுவார். ஐந்து சாயந்திரம் இதே வேலை. கடைசியில் சக்கரத்தைத் தண்டோடு நன்றாக நெருக்கி, திருகை இறுக்கினார். நிமிர்ந்தபோது முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"ஒரு பல்லுகூட விலகல. எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு அப்படியே உக்காந்துருச்சு."

சுவிட்சைப் போட்டார். அது கத்திய கத்தலை எழுத என்னிடம் எழுத்து இல்லை. கீழ்வீட்டு அம்மா மூச்சிரைக்க மாடியேறி வந்து, "யாரையாவது அடிக்கிறீங்களா?" என்று கேட்டார். மோட்டார் சூடாகி, கருகின வாடை வந்து, அரைச் சுற்றில் நின்றுவிட்டது. இவர் அதைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்து மூடினார். இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை பரீட்சைக்குப் படிக்கிற பெண் ஒருத்தி என் மேசைக்கு வந்து கிசுகிசுத்தாள். "மேடம், அந்த சார் வாயில என்னமோ தட்டிக்கிட்டே இருக்கு. படிக்கவே முடியல." விதி விதிதானே. புருஷனுக்கே நோட்டீஸ் விட்டவள் ஸ்டெனோவை விடலாமா? அவர் பக்கத்தில் போய்க் குனிந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"என் வாயிலேருந்தா?"

"ஆமா சார்."

"எத்தனை மணிக்கு?"

"பத்து பத்துலேருந்து."

"தொடர்ந்தா, விட்டு விட்டா?"

"வரிக்கு ரெண்டு தடவை."

அவர் எழுந்து வந்து, புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, "முற்பகல் 10.10 முதல், டக் டக். காரணம்: நான். நடவடிக்கை கோருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நடவடிக்கை என்னவென்று அவரே கேட்டார். பல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். அப்போதே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்த மனுஷன் மேல் எனக்கு இருந்த எரிச்சலெல்லாம் அங்கேயே போய்விட்டது.

மறுநாள் சாயந்திரம் என் வீட்டுக்காரர் காபி குடிக்க உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் படித்தார். மடித்து வைத்தார். மறுபடி எடுத்துப் படித்தார். ஸ்டெனோவின் செட்டோடு டாக்டர் கிறுக்கி அனுப்பிய சீட்டு அது. "பேசும்போது பல் முட்டுகிறது. வாய் சும்மா இருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக் கூடாது. இடைவெளி கொடுங்கள்."

"இதுல என்ன இருக்கு?" என்றேன்.

"சும்மா இருக்கும்போது கொஞ்சம் விலகித்தான் இருக்கணும். ஒட்டிக்கிட்டே இருந்தா சத்தம்தான் வரும்" என்றார். அப்புறம் தன் நெற்றியில் தானே தட்டிக்கொண்டார். "முப்பது வருஷமா எனக்குத் தெரியும். இந்த ஒருத்தருக்கு ராவினது பத்தல. அதை விடு. இஞ்சினுக்கும் இதேதான்!"

காபி அப்படியே ஆறிக் கிடந்தது. பெட்டியைத் திறந்து, மோட்டார் கருகிப்போகவில்லை என்று பார்த்துக்கொண்டார். திருகைத் தளர்த்தினார். தண்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே அதே நீலத்தாளை ஒரு விரற்கடை வெட்டி வைத்து, திருகை மெல்ல முடுக்கி, தாளை உருவி எடுத்தார். தாளின் கனம் எவ்வளவோ அவ்வளவு இடைவெளி. மேசையில் நேராக ஒரு முழம் தண்டவாளம் போட்டு ஓட்டினார். நான் அடுப்படிக்குப் போய் நின்றேன், ஒன்றும் கேட்கவில்லை. கூடத்துக்கு வந்தேன், யாரோ பக்கத்து அறையில் தூங்கி மூச்சு விடுகிற அளவுக்கு ஒரு முனகல். அவர் என்னைப் பார்த்தார். நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். எங்கள் வீட்டில் அது பெரிய பேச்சு.

ஆனால் வீட்டு மேசையில் வளைவு கிடையாது. நூலகத்துப் பலகையில்தான் வளைவு.

அவகாசம் முடிகிற ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குச் சோதனை. ஸ்டெனோ நோட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்தார். செட்டு சரியாகிவிட்டதால் அவர் வாய் இப்போது கப்சிப். பரீட்சைப் பெண் புத்தகத்தை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். கண்ணாடிக் கடைக்காரர் பின்னறை வாசலில் நின்று எனக்குக் கையைக் காட்டினார். நான் கடிகாரத்தைப் பார்த்து, ஆரம்பிக்கலாம் என்று தலையசைத்தேன். பத்து நிமிஷம். எவர் காதில் விழுந்தாலும் முடிந்தது கதை.

முதல் சுற்றில் ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன். அப்புறம், ஒரு பென்சிலைத் தாளில் லேசாக இழுத்த மாதிரி, சுர்க். நின்றுவிட்டது. அரை நிமிஷம் கழித்து மறுபடி, சுர்க். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை, அதே இடத்தில். ஸ்டெனோவைப் பார்த்தேன், கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தேன், நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தர் முகத்திலும் ஒரு சலனம் இல்லை. எனக்கு மட்டும் அந்த அறை முழுக்க அதுதான் கேட்டது. பத்து நிமிஷமும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நேரம் முடிந்தது. ஸ்டெனோ எழுந்து நின்று வாசித்தார். "மூணு ரெண்டு, மின்விசிறி. மூணு நாலு, நூலகர் பெருமூச்சு. மூணு அஞ்சு, நூலகர் பெருமூச்சு. மூணு எட்டு, நூலகர் பெருமூச்சு. ரயில், இல்லை."

"எனக்கும் ஒண்ணும் கேட்கல" என்றாள் அந்தப் பெண்.

"மேடம், நீங்கதான் பாக்கி" என்றார் கடைக்காரர்.

என் வீட்டுக்காரர் இஞ்சினைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்தார். அவருக்கும் கேட்டிருக்கிறது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. நானும் கேட்டுவிட்டேன் என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. சதுரங்கக்காரர்களின் கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் என் தலைக்குள் அடித்தன. இருபத்து நாலு வருஷ உத்தியோகத்தில் பதிவேட்டில் நான் ஒரு பொய் எழுதியதில்லை.

"கேட்கல" என்றேன். எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

எல்லாரும் கைதட்டினார்கள். வாசிப்பறையில் கைதட்டக் கூடாது என்று அதட்டினேன். அவர் மட்டும் தட்டவில்லை. இஞ்சினைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டிருந்தார்.

நூலகத்தைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் நடந்தோம். செருப்புக் கடை தாண்டினோம், பேருந்து நிறுத்தம் தாண்டினோம். தெருமுனையில் நின்றார்.

"வளைவுல கேட்டுச்சு."

"ம்."

"உனக்கும் கேட்டுச்சு."

"கேட்டுச்சு."

"பின்ன ஏன் கேட்கலன்னு கையெழுத்துப் போட்ட?"

திரும்பிப் போய் அந்தக் கையெழுத்தை அடிக்கச் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். சொன்னாலும் சொல்வார். எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ, தெருவென்றும் பார்க்காமல் குரலை உயர்த்தினேன்.

"நூலகருக்குக் கேட்கலங்க. உங்க பொண்டாட்டிக்குத்தான் கேட்டுச்சு. இத்தனை வருஷமா அந்தச் சத்தத்தோட குடித்தனம் பண்றவளுக்குக் கேட்காம இருக்குமா? அவ காதை எந்த விதியில சேக்கறது?"

பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பேருந்து ஒன்று எங்களைக் கடந்து போகும்வரை காத்திருந்தார்.

"வளைவுல நுழையும்போதா, வெளிய வரும்போதா?" என்று கேட்டார்.

அந்த இஞ்சினைப் பற்றி அவர் என்னை ஒரு வார்த்தை கேட்பது அதுதான் முதல் தடவை.

"நுழையும்போது."

"எனக்கு அது சரியாப் பிடிபடல. பக்கத்துல நின்னா மோட்டார் சத்தம் மறைக்குது." கொஞ்சம் யோசித்தார். "அடுத்த வாரம் உள்ள வந்து, வளைவுகிட்ட குனிஞ்சு நின்னு கேட்டுச் சொல்றியா?"

"வரேன்" என்றேன்.

வீடு போய்ச் சேரும்வரை முன்சக்கரம், பின்சக்கரம், அச்சு எவ்வளவு ஆடலாம், எவ்வளவு ஆடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாதி எனக்குப் புரியவில்லை. பொய்க் கையெழுத்துப் போட்டதற்காக மனசு உறுத்துகிறதா என்று நடுவில் ஒரு தடவை தேடிப் பார்த்தேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.